கருட தீர்த்தம்

அக்கராயன் குளத்தடியில் மீனம்மாவின் கிணற்றுக்கு மேல் கிளை நீட்டி நிற்கும் மருதமரத்தில் ஒரு கழுகுச் சோடி குடியிருந்தது. போன வருடச் சுள்ளிக்கு மேல் இந்த வருடச் சுள்ளியை அடுக்கி, கூடு கட்டிலளவுக்கு வந்துவிட்டது. அதிலிருந்து மீன் தலை, பாம்பின் அரைவாசி, வெள்ளைச் சுண்ணாம்பாய் எச்சம் எல்லாம் நேரே கிணற்றுக்குள் விழுந்தன. குடிக்க அவளுக்கு வேறு தண்ணீர் இல்லை.

கிளையைத் தறிக்கவோ கிணற்றுக்குத் தகரம் போடவோ கேட்டு, கோயில் தலைவர் கனகலிங்கத்திடம் போனாள். அந்த நேரம் அவருக்குத் தை மாதக் கும்பாபிஷேகக் கவலை. கலசத்துக்கு நீர் வார்க்கும்போது மேலே கருடன் வட்டமிட வேண்டும். போன தடவை ஒரு காகம்கூட வரவில்லை. அயலூரார் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆகவே கிணற்றடிக்கு வந்து கூட்டைக் கண்டதும் கருடன் என்று அறிவித்துவிட்டார். கருடன் செங்கல் நிறம். இது சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமாய்க் குளத்து மீனில் கொழுத்த கழுகு. ஊருக்கே தெரியும். ஆனால் திருவிழா உபயத்தில் யாருக்கு நல்ல நாள் என்று பிரித்துக் கொடுப்பவர் தலைவர்; அவரைத் திருத்த யார் போவார்?

"கருடன்ர எச்சம் விழுந்தால் அது தீர்த்தம், மீனம்மா. மூடினால் தெய்வக் குற்றம்" என்றார்.

அடுத்த நாளே 'கருட தீர்த்தம், கோயிலுக்குரியது' என்று கிணற்றடியில் பலகை நட்டார்கள். மீனம்மா பள்ளிக்கூடக் குழாயில் போத்தலோடு நின்றாள்.

வெளிநாட்டு அடியார்கள் பார்க்கக் கமெராவும் பூட்டினார்கள். தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாத்ததைக் காட்டி, இல்லறம் என்றால் இதுதான் என்று தலைவர் பேசினார். அதுவரை பேச்சு சரி. பிறகு இரண்டு குஞ்சு பொரித்தன. மூத்தது இளையதின் மண்டையில் கொத்தியது. தாய் மீனைக் கிழித்து, உயர நீண்ட அலகுக்கே ஊட்டிவிட்டு, கொத்துப்படும் பிள்ளையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது. கமெரா பழுது என்று அறிவித்தார்கள்.

கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் இளையது செத்துக் கிணற்றுக்குள் விழுந்தது. மீனம்மா அதை வாளியோடு கொண்டுபோய்க் காட்டினாள்.

"மோட்சம்" என்றார் தலைவர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

மறுநாள் நீர் வார்க்கும் வேளையில் கழுகு வந்தது. கால்நகத்தில் வால் துடிக்கும் மீன். சைவக் கோபுரத்துக்கு மேலால் அந்த மீன் ஊர்வலம் போக, சனம் கைகூப்பிக் கண்ணீர் விட்டது.

மேடையில் தலைவர் தீர்த்த மகிமை பேசி முடித்ததும், மீனம்மா ஒரு செம்போடு ஏறினாள். தண்ணீரில் பஞ்சுபோல ஒரு இறகு மிதந்தது. வாடை முன்வரிசைக்கும் போனது.

"கருட தீர்த்தம் ஐயா. மொதல்ல நீங்க."

தலைவர் பண்பானவர். முதல் மரியாதை விருந்தினருக்கு என்றார். கிளிநொச்சியிலிருந்து வந்த அதிகாரிக்கு அன்று பார்த்துத் தடிமன், மூக்கடைப்பு; செம்பைக் குருக்களிடம் நீட்டினார். குருக்கள் விரதம். செயலாளர் பிரதாபன், தலைவருக்கு முன் தான் குடிப்பது முறையல்ல என்று கையெடுத்துக் கும்பிட்டார். எல்லாருடைய மரியாதையையும் சுமந்துகொண்டு செம்பு தலைவரிடமே திரும்பியது. சனம் அவரைப் பார்த்தது.

"ஒருத்தருக்கும் வேணாம்னா கெணறு என்னோடதுதாங்க" என்றாள் மீனம்மா. "எறைச்சு, தகரம் போட்டுக் குடுங்க."

தலைவர் செம்பைப் பார்த்தார். மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் புனிதக் கிணத்தை ஒரு ஏழைத் தாய்க்குத் தானமா வழங்கிறம்."

பலத்த கைதட்டல்.

மறுநாள் மோட்டர் வைத்துக் கிணற்றை இறைத்தார்கள். அடியில் கிடந்தவற்றை அள்ளியவன் இரண்டு தடவை ஓங்காளித்தான். மேலே தகரம் போட்டு, சிவப்புப் பெயின்ரில் 'உபயம்: கனகலிங்கம்' என்று பெரிதாக எழுதினார்கள். மிஞ்சிய குஞ்சு இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது. கூட்டு விளிம்புக்கு வந்து பின்பக்கத்தைத் தூக்கிப் பீச்சும் பருவம்.

மீனம்மா கிணற்றைச் சுத்தமாக வைத்திருக்கிறாள். தகரத்தை மட்டும் கழுவுவதில்லை.