கர்னல் வாயில் விழுந்த வால்கொழுப்பு

உயரத்துக்குப் போனால் எங்கள் விமானத்தில் தின்பண்டங்களுக்குத் திமிர் ஏறிவிடும். தரையில் சாதுவாகக் கிடக்கும் சிப்ஸ் பாக்கெட் மேகத்தைத் தாண்டியதும் தலையணை மாதிரி உப்பும். தயிர் டப்பாவின் மூடி தொப்பை போடும். பிளாஸ்கைத் திறந்தால் தேநீர் நம்மைத் தேடிக்கொண்டு வரும். எங்களுடையது நான் பிறக்கும் முன்பே பழசாகிப்போன ராணுவச் சரக்கு விமானம். உள்ளே காற்றழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கதவு ரப்பர்களுக்கு எப்போதோ வேலை சலித்துவிட்டது. அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. கிளம்புவதற்கு முன் எல்லாப் பாக்கெட்டையும் ஊசியால் குத்த வேண்டும், எல்லா மூடியையும் தளர்த்த வேண்டும். குத்துகிறவன் நான்தான், விமானப் பொறியாளன் கல்காமன். குத்தாமல் நம்பக்கூடிய ஒரே பண்டம் குர்த். தயிரில் உப்புப் போட்டு உருட்டிக் கல்லாகக் காயவைத்தது. பல்லை உடைக்குமே தவிர வெடிக்காது.

அன்று ஒரே ஒரு ஜாடியை மட்டும் நான் தொடவில்லை. அது என் அக்கா குல்பாஷ் கொடுத்தனுப்பியது.

அக்கா மகன் மர்குலான்தான் எங்கள் விமானி. அக்தாவ் தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்க்கும் அக்மர்ஜானை அவன் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஓடுபாதை எண்ணையும் காற்றின் திசையையும் ரேடியோவில் சொல்லிச் சொல்லியே காதலித்த ஜோடி அது. பெண்ணின் அப்பா கர்னல் எசென்கெல்திதான் குறுக்கே நின்றார்.

செம்மறியின் ஈரலையும் வால்கொழுப்பையும் வேகவைத்து, தயிரில் பிசைந்து கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வழக்கம். பெண் வீட்டார் அதை வாங்கித் தின்றுவிட்டால் சம்பந்தம் முடிந்தது. தின்ற பிறகு பின்வாங்கினவர் எங்கள் புல்வெளியில் தலைகாட்ட முடியாது. மிச்சத்தைச் சம்பந்தி முகத்தில் அப்பிச் சிரிப்போம். வசந்தத்தில் நாங்கள் தட்டோடு போனபோது கர்னல் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வயிறு சரியில்லை என்றார். அப்புறம் எங்கள் கண் முன்னாலேயே ஒரு முழு தர்பூசணியைத் தின்றார்.

அதே கர்னல் ஆய்வுக்காக எங்கள் விமானத்தில் அக்தாவுக்கு வருகிறார் என்று தெரிந்ததும் அக்கா மறுபடி ஈரல் வேகவைத்தாள். "எப்படியாவது அந்த ஆளு வாயில ஒரு கவளம் போட்ருடா. முழுங்கினா போதும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள். வழியில் சிந்தக் கூடாதென்று, ஊறுகாய் ஜாடிக்கு மூடி இறுக்கும் கருவியால் தகர மூடியை இறுக்கித் தந்தாள். சம்பந்திக்கு முன்னால்தான் திறக்க வேண்டும், முன்கூட்டியே திறந்தால் கல்யாணம் கலைந்துவிடும் என்பது அவள் கட்டளை. சரக்கு அறையில் வைத்தால் உறைந்துபோகும். அதனால் விமானி அறையில், மடக்கு இருக்கைக்கு முன்னால் சூடான குழாய் ஓடும் இடத்தில் வைத்தேன். கர்னல் வந்து நேராக அந்த இருக்கையில்தான் உட்கார்ந்தார்.

"உங்க கையால பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன், கல்காமன். உன் அக்கா டீயிலகூட ஈரலைக் கரைச்சுக் குடுப்பா" என்று தன் சிப்ஸ் பாக்கெட்டையும் பிளாஸ்கையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பாக்கெட்டை மட்டும் குடுங்க தோழர் கர்னல், ஊசியால குத்தித் தரேன்."

"என் சாப்பாட்டுல நீ எதுக்குய்யா ஊசி போடுற? உள்ள என்னத்த ஏத்தப் போற?"

ஊசியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். கிளம்பினோம்.

ஆரல் கடல் பக்கம் புயல் மேகம் மறித்தது. மர்குலான் வழக்கத்தைவிட மேலே ஏற்றினான். தரையோடு ரேடியோ தொடர்பும் அறுந்தது. கர்னல் மடியில் பாக்கெட் வளர ஆரம்பித்தது. முதலில் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தார். பிறகு பச்சைக் குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்போதும் வீம்பு போகவில்லை. எங்கள் முன்னால் பல்லால் கடித்துக் கிழித்தார்.

பட்டென்று வெடித்து, அறை முழுக்கச் சிப்ஸ் மழை. ரேடியோக்காரன் தொலெகென் ஹெட்போனை விலக்கி, சட்டைக்குள் விழுந்த ஒன்றை எடுத்துத் தின்றான். பதற்றத்தில் கர்னல் தேநீர் குடிக்கலாமென்று பிளாஸ்கைத் திருக, அது பீய்ச்சியடித்துச் சட்டைக் காலரை நனைத்தது. அவர் எழுந்தார். முகம் பீட்ரூட் நிறமானது.

"இது விமானமா, சர்க்கஸ் கூடாரமாய்யா? எவன்டா இங்க பொறுப்பு? வாயத் தொறந்து..."

வாயைத் திறந்திருந்தது அவர்தான். காலடியில் ஜாடி டம்மென்று வெடித்தது. தகர மூடி கூரையில் மோதித் திரும்பியது. ஈரலும் கொழுப்பும் தயிரும் ஒரே வீச்சில் மேலே வந்தன. தயிர் அப்பி அவர் முகம் வெள்ளையாயிற்று. திறந்த வாய் டக்கென்று மூடியது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

"மாமா! என்ன வெடிச்சுது? எஞ்சினா?" என்று திரும்ப முடியாமல் கத்தினான் மர்குலான்.

"எஞ்சின் இல்லடா. உன் கல்யாணம்."

தொலெகென் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "சம்பந்தி! வாழ்த்துகள் சம்பந்தி! முகத்துலயும் அப்பியாச்சு, முறையெல்லாம் சரியா நடந்துருச்சு!"

"நான் முழுங்கலை" என்றார் கர்னல்.

"முழுங்கினீங்க, தோழர் கர்னல்."

"இது உத்தரவு. நான் முழுங்கலை. நீங்க யாரும் பாக்கலை."

"சரி, பாக்கலை. ஆனா மீசையில ஈரல் இருக்கு" என்றேன்.

அவர் மீசையைத் துடைக்கவில்லை. இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். குரல் தணிந்து வந்தது.

"நான் ஓட்டின காலம் பூரா என் பொண்டாட்டி ஜன்னல்லயே நின்னா, கல்காமன். எஞ்சின் சத்தம் கேட்ட பெறகுதான் அடுப்பப் பத்தவைப்பா. சத்தம் கேக்காத நாள்ல சோறே கெடையாது. என் பொண்ணும் அப்படி நிக்கணுமா? சொல்லுய்யா."

எனக்கு இருந்த குஷியெல்லாம் இறங்கிவிட்டது. இந்த மனிதரைக் கல்நெஞ்சக்காரர் என்று வசந்தத்திலிருந்து வைதுகொண்டிருந்தேனே! மர்குலானின் பின்கழுத்து சிவந்திருந்தது. ஹெட்போனில் எல்லாம் கேட்டிருக்கிறான். மேகம் கலைந்ததும் மெதுவாக விமானத்தை இறக்கினான்.

இறங்க இறங்க ரேடியோவில் ஒரு குரல் விட்டுவிட்டு வந்தது. அக்மர்ஜான் எங்கள் விமான எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மறுபடி அதே எண். மறுபடி அதே எண். தொடர்பு அறுந்ததிலிருந்து நிறுத்தாமல் கூப்பிட்டிருக்கிறாள். குரல் கரகரத்துப் போயிருந்தது. மர்குலான் பதில் சொன்னான். அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. பிறகு உத்தியோகக் குரலில் காற்றின் வேகத்தைச் சொன்னாள்.

கர்னல் தொலெகெனின் ஹெட்போனைப் பிடுங்கி ஒரு காதில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும் இப்படித்தான் கூப்பிடுவாளா?"

"எல்லா விமானத்தையும் கூப்பிடுவா" என்றான் தொலெகென். "குரல் இப்படி ஆகறது இவன் ஓட்டுற அன்னிக்கு மட்டும்தான்."

"அப்போ ஏற்கெனவே ஜன்னல்லதான் நிக்கறா" என்றார் கர்னல், யாரிடமும் இல்லாமல்.

கன்னத்திலிருந்து ஒரு துண்டு ஈரலை வழித்தெடுத்து என் பக்கம் நீட்டினார். "வாயத் திற. ஒரு பக்கம் மட்டும் தின்னா அது சம்பந்தமாய்யா?" தின்றேன். வாழ்நாளில் அவ்வளவு புளித்த பண்டத்தைத் தின்றதில்லை. மிச்சத்தை என் முகத்தில் முறைப்படி அப்பினார், கொஞ்சம் பலமாகவே. பிறகு தொலெகெனின் ஒலிவாங்கியை இழுத்தார்.

"கோபுரம், நான் கர்னல் எசென்கெல்தி பேசறேன். உங்கப்பா ஈரலும் கொழுப்பும் சாப்பிட்டுட்டாரு."

கீழே ஓடுபாதை தெரிந்தது, அதன் ஓரத்தில் கோபுரத்துக் கண்ணாடி வெயிலில் மின்னியது.

"சரியா கேக்கல" என்றாள் அக்மர்ஜான். "மறுபடி சொல்லுங்க, அப்பா."