புகைக்குழல் வைத்த பங்களா

கல்யாணசுந்தரியின் வீட்டார் மாப்பிள்ளையின் படம் கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரே ஒரு படம். என் அம்மா பகவதியம்மாள் அதை என்னிடம் சொல்லாமலே தனுவச்சபுரத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். கோட்டு போட்டுக்கொண்டு பங்களா முன்னால் நிற்கிற பிள்ளையை எந்தப் பெண் வீட்டாருக்குத்தான் பிடிக்காது என்று அவளுக்கு எண்ணம்.

அந்தப் பங்களா ஜப்பானில் இருந்தது. அதை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

நான் ஜப்பானுக்குப் போனது பாறசாலையில் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். கோபே நகரத்தில் எட்டு மாதம் தங்கித் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டேன். மதராசில் சட்டம் படிக்கிறான் என்று ஊருக்குச் சொல்லியிருந்தது. கொல்லம் ஆயிரத்து எண்பத்தைந்தாம் ஆண்டில், இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தில், எங்கள் வெள்ளாளர் வகையில் கடல் கடந்தவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள். கொடுத்த வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள். கல்யாணசுந்தரியை நெய்யாற்றின்கரைக் கோவிலில் ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். யானை மிரண்டு கூட்டம் சிதறியபோது அவள் ஓடவில்லை. எல்லோருக்கும் முன்னால் ஓடிய தன் தாய்மாமன் கைலாசம் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அதோடு எனக்கு வேறு பெண் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

கோபேயில் கிடைத்த ஒரே விடுமுறை நாளில், உடன் வேலை செய்தவன் ஒருவன் ஊரைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனான். கோவில் காட்டுவான் என்று நினைத்தேன். மலைச்சரிவில் இருந்த ஒரு பூங்காவைக் காட்டினான். வெள்ளைக்கார வியாபாரிகள் விட்டுப்போன வீடுகளை அங்கே இடிக்காமல், சாயம் அடித்து, சுற்றிலும் புல் வெட்டி வைத்திருந்தார்கள். பச்சை ஜன்னல், தூண் வைத்த வராந்தா, குளிருக்கு மூட்டும் தீயின் புகை போகக் கூரைமேல் செங்கல் புகைக்குழல். ஜனங்கள் குடும்பத்தோடு வந்து, மரச்செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றிவிட்டு, சாமி கும்பிடப் போவதுபோல உள்ளே போய், ஒரு நாற்காலியையும் ஒரு குளிக்கும் தொட்டியையும் தரிசித்துவிட்டு வந்தார்கள். கடல் நெடுக வாந்தி எடுத்துக்கொண்டு போன நான், நெய்யாற்றின்கரை மாஜிஸ்திரேட்டின் வீட்டைப்போலவே ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குளிரில் விறைத்துப்போன எனக்கு அந்த ஊரில் அது ஒன்றுதான் தெரிந்த முகம். அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தனுவச்சபுரத்திலிருந்து ஆள் வந்தது. உடனே வரவேண்டுமாம்.

பெண்ணின் அப்பா முத்துக்குமாரசாமி பிள்ளை, தாலுகா கச்சேரியில் முப்பது வருஷம் ரிக்கார்டு கிளார்க்காக இருந்தவர். நான் போனபோது படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கைலாசம் பிள்ளை. தூத்துக்குடியில் நான் கப்பல் ஏறியதை யாரோ கண்டதாக அவருக்குத் தகவல் வந்திருந்தது.

“எலே, நீ கடல் தாண்டினவனாக்கும். இது ஜப்பான்” என்றார்.

படத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்தேன்.

“ஜப்பான்ல செவருகூட காயிதம், கடலாசு வீடுல்லா?” என்றார் முத்துக்குமாரசாமி பிள்ளை. “பேப்பர்ல வாசிச்சிருக்கேன். இது வெள்ளக்கார சாயிப்புக்க பங்களாவாக்கும். திருவனந்தபுரத்துல பப்ளிக் கார்டனுக்க பக்கத்துல இதுபோல உண்டு. அங்க எடுத்த படம்தானே மக்கா?”

“ஆமா மாமா” என்றேன். அவ்வளவு சின்னப் பொய் நான் அதுவரை சொன்னதில்லை. அவ்வளவு வியர்த்ததும் இல்லை.

கைலாசம் பிள்ளை விடவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்றார். வீடு அங்கே இருந்தால் அவர் வாயைத் திறக்கமாட்டார். இல்லாவிட்டால் சொந்தக்காரர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொல்லிவிடுவார்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் வண்டிக்காரன் பொன்னப்பனின் வண்டியில் புறப்பட்டோம். கோபேயில் இருக்கும் வீட்டைத் திருவனந்தபுரத்தில் தேடப் போகிற வண்டியில், வழி காட்டவேண்டியவனாக என்னை முன்னால் உட்காரவைத்தார்கள். நெய்யாற்றைத் தாண்டுவதற்குள் அச்சு முறியட்டும் என்று வேண்டிக்கொண்டேன். போன மாதம்தான் புது அச்சு போட்டதாகப் பொன்னப்பன் கேட்காமலே சொன்னான்.

தோட்டத்தைச் சுற்றி இருந்த பங்களாக்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் கைலாசம் பிள்ளை படத்தைத் தூக்கிப் பிடித்தார். முதல் வீட்டுக்குத் தூண் இல்லை. இரண்டாவதுக்கு வராந்தா இல்லை. மூன்றாவது வீட்டில் தூண் இருந்தது, வராந்தா இருந்தது, ஜன்னல்கூடப் பச்சை. எனக்கே ஒரு நிமிஷம் ஜப்பானுக்குப் போனோமா என்று சந்தேகம் வந்தது.

“புகைக்குழல் எங்க?” என்றார் கைலாசம் பிள்ளை. கூரைமேல் ஓடுகளும் ஒரு காக்கையும்தான் இருந்தன. “படத்துல வாசல்ல மெதியடி கெடக்குதே, அதுக்கு விரலிடுக்குத குமிழக் காணல்ல. வாரு உண்டு. இது எந்த ஊரு மெதியடிலே?”

முத்துக்குமாரசாமி பிள்ளை பூதக்கண்ணாடியை எடுத்தார். படத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ரிக்கார்டுக் கட்டுக்குள் ஒரு தாள் குறைகிறது என்று கண்டுபிடித்துவிட்ட கிளார்க்கின் பார்வை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

“புகைக்குழல இடிச்சாச்சு” என்றார். “இந்த ஊரு வெக்கைக்கு அது எதுக்கு?”

“மெதியடி?”

“சாயிப்புக்க வீட்டுக்குள்ள நீ செருப்போட கேறுவியா கைலாசம்?”

கைலாசம் பிள்ளை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். ஒரு துரையைப் பார்க்கப் போனபோது அவர் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றது இரண்டு தாலுகாவுக்கும் தெரியும்.

முத்துக்குமாரசாமி பிள்ளை படத்தைத் திருப்பி, பென்சிலால் “ஒத்துப் பார்த்தது, சரி” என்று எழுதித் தேதி போட்டுக் கையொப்பம் வைத்தார். பென்சிலை மைத்துனரிடம் நீட்டினார். கச்சேரிக் கையெழுத்தில் எழுதின ஒன்றை மறுத்துப் பழக்கமில்லாத கைலாசம் பிள்ளையும் கையொப்பம் வைத்தார்.

திரும்பும் வழியில், வெயில் சாயும் நேரத்தில், கைலாசம் பிள்ளை குறட்டை விட ஆரம்பித்தார். முத்துக்குமாரசாமி பிள்ளை என் பக்கம் சாய்ந்தார்.

“அங்க குளிரு உண்டோ மக்கா?”

“எங்க மாமா?”

“புகைக்குழல் வெச்சு வீடு கெட்டுத ஊர்ல.”

வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “உண்டு மாமா. பல்லு கிட்டிக்கும்.”

அவர் தலையாட்டினார்.

“அப்போ கல்யாணத்தன்னைக்கு அந்தக் கோட்ட இடாண்டாம். இங்க யாரும் அவ்வளவு கட்டிக் கம்பிளில கோட்டு தைக்கமாட்டான்.”

படத்தை நான் கேட்டேன். அவர் அதை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். ரிக்கார்டு ரூமுக்குள் வந்ததை வெளியே கொடுக்கிற வழக்கமில்லையாம். மகளை நான் எப்படி வைத்துக்கொள்கிறேன் என்று பார்த்தபிறகு யோசிக்கலாமாம்.