தேக்கா, பைனா

பழைய கட்டடங்களில் இருப்பது என்ன மரம் என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவள் வேலை. கணவர் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. மகன் வெளிநாட்டில். வாரத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு கூரைக்கடியில் தனியாகக் கழியும். தனிமை பழகிவிட்டது என்றுதான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவந்தாள்.

அன்று சனிக்கிழமை. பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்த பழைய நீதிமன்றக் கட்டடம். பெரிய கூடத்துக்கு மேலே, குனிந்தால்தான் போக முடிகிற இருட்டில் உத்தரங்கள் வரிசையாகக் கிடந்தன. அவற்றின் அடியில் மெல்லிய பலகை அடித்திருந்தார்கள். கால் தவறி அதில் வைத்தால் நேரே கீழேதான்.

எல்லாம் தேக்கு என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். பாதி வரிசை பார்ப்பதற்குள் மதியமாகிவிட்டது. ஏறி வந்த திறப்புக்குத் திரும்பி வந்தாள். ஏணியைக் காணோம்.

"யாராவது இருக்கீங்களா?"

அவள் குரல்தான் காலிக் கூடத்தைச் சுற்றி வந்தது. மேடம் கிளம்பியாச்சு என்று நினைத்து மேஸ்திரி ஏணியை எடுத்து வைத்து, பூட்டிக்கொண்டு போயிருந்தார். அவருடைய போன் அணைந்து கிடந்தது. அலுவலகத்தில் யாரும் எடுக்கவில்லை. மகனுக்கு அங்கே நடு ராத்திரி. போனில் இருந்த பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். கேஸ் சிலிண்டர்காரர், பிளம்பர், பல் டாக்டர். கடைசியில் தம்பியைக் கூப்பிட்டாள்.

"சொல்லுக்கா." பின்னால் ஒரே இரைச்சல்.

"எங்கடா இருக்க?"

"பசங்களோட கடைல. பில் போட நிக்கிறேன். அவசரமா?"

மாட்டிக்கொண்டதைச் சொல்ல வாயெடுத்தாள். "அவசரமெல்லாம் இல்ல."

"அப்ப அஞ்சு நிமிஷத்துல நானே கூப்பிடறேன்."

அந்த அஞ்சு நிமிஷம் வரவேயில்லை. தகரக் கூரை கொதித்தது. கொண்டுவந்த தண்ணீரும் தீர்ந்தது. தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டு ஊரைக் கூட்ட மனம் வரவில்லை. மறுகோடியில் ஒரு மரப்படிக்கட்டு உண்டு. அதுவரை உத்தரம் உத்தரமாகத் தாண்டிப் போக வேண்டும். மீதிப் பாதியை அவள் இன்னும் சோதிக்கவில்லை.

ஒன்றில் உட்கார்ந்துகொண்டு அடுத்ததன் ஓரத்தைப் பிளேடால் சீவினாள். எச்சில் தொட்டு ஈரமாக்கி லென்ஸை வைத்தாள். வரிசையாகப் பெரிய துளைகள், தோல் செருப்பு மாதிரி ஒரு வாசனை. தேக்கு. காலை வைத்தாள். இப்படியே பலவற்றைத் தாண்டிய பிறகு, ஒன்றில் துளையே தென்படவில்லை. பைன், மலிவான மென்மரம். மேலே தேக்குச் சாயம், உள்ளே பூச்சி அரித்த மாவு. பிளேடு வெண்ணெயில் போவது போலப் போனது. அடுத்த உத்தரத்தை எட்டிச் சீவிப் பார்த்தாள்; நல்ல தேக்கு. பைனின் மேல் துளி பாரமும் படாமல் காலை அகட்டித் தாண்டினாள். அங்கேயே கவிழ்ந்து படுத்து, உத்தரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அவள் எதையாவது கட்டிக்கொண்டு எவ்வளவு நாளாயிற்று!

மரப்படிக்கட்டில் இறங்கி, பக்கக் கதவின் உள்தாழ்ப்பாளைத் தள்ளி வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தபோது போன் அடித்தது.

"மறந்தே போச்சுக்கா. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"சரி, அப்புறம் பேசலாம்." வைத்துவிட்டான்.

தூசி அப்பிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

"டேய், சும்மா இல்லடா. பழைய கோர்ட்டு கூரைல மாட்டிக்கிட்டேன். இப்பத்தான் இறங்கி வாசல்ல உக்காந்திருக்கேன். ரொம்ப பயந்துட்டேன்."

 "அங்கயே உக்காரு. வர்றேன்," என்றான்.

வந்தான். காரில், தேக்குக்கு நடுவே பைன் இருந்ததுவரை எல்லாவற்றையும் சொன்னாள். கொஞ்ச தூரம் போனதும், "அவசரமான்னு கேட்டேனேக்கா," என்றான்.

"கேட்ட."

சிக்னலில் நின்றபோது, "அது தேக்கா இல்லையான்னு எப்படிக்கா தெரியும்?" என்றான். இத்தனை வருடத்தில் அவள் வேலையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்தாள். துளைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவன் மனைவி போனில் வந்தாள். காய்கறி, பையனின் டியூஷன், நாளைக்கு யார் வருகிறார்கள் என்று பேச்சு நீண்டது.

வைத்துவிட்டு, "ம், சொல்லுக்கா," என்றான்.

அதற்குள் அவள் தெரு வந்துவிட்டது. "இன்னொரு நாள் சொல்றேன்டா," என்று இறங்கிக்கொண்டாள்.