கியர்பாக்ஸுக்குக் காய்ச்சல்

"டார்ச்சை ஆட்டாதீங்க" என்றாள் அவள், காருக்கு அடியிலிருந்து.

ஸ்பேனரின் வாலில் ஓர் இரும்புக் குழாய்த் துண்டைச் செருகி, மல்லாந்து படுத்து, சுவரில் காலை உதைத்துக்கொண்டு தம் கட்டி இழுத்தாள். கியர்பாக்ஸில் ஆயில் ஊற்றுகிற துளையின் மூடி, மருந்து குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தையின் வாயைப் போல இறுகிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு கனமான வண்டியின் உறுமல். பழைய இரும்புக்காரரின் இழுவை லாரி.

"சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டாரு" என்று டார்ச் பிடித்திருந்த கணவன் குனிந்து கிசுகிசுத்தான். அவன் சலூன் வைத்திருப்பவன். "முடி வெட்டக்கூட ஒருத்தனும் இவ்வளவு ஆசையா வந்ததில்ல."

சிரிக்க அவளுக்கு நேரமில்லை. வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போட்டு, ஊசி போட்டு வரும் நர்ஸ் அவள். கார் இருப்பவர்களுக்குத்தான் ஆஸ்பத்திரியில் அந்த வேலை. திங்கட்கிழமை காரோடு வராவிட்டால் பழையபடி வார்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதுதான் என்று மேட்ரன் கறாராகச் சொல்லிவிட்டாள். காரோ சில வாரங்களாகப் படுத்தி எடுத்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் அலறும், வண்டி நகராது. நகர்ந்தால் ஒரு வெட்டு வெட்டும். பின்னால் நீலப் புகை வேறு.

"கியர்பாக்ஸ் போச்சு. இனிமே இது வெறும் இரும்பு" என்று தீர்ப்பு எழுதி, லாரிக்கும் சொல்லி அனுப்பியவர் அவளுடைய அண்ணன். பிளம்பர். தங்கைமேல் உயிர். கூரை ஒழுகினாலும், வாஷிங் மெஷின் மக்கர் பண்ணினாலும், எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டியிருந்தாலும் கூப்பிடாமலே வந்து நிற்பார். அவர் கை சும்மா இருக்காது. இப்போதும் முற்றத்துக் குழாயைக் கழற்றி, மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் கை வச்சது ஒரு சொட்டு கசியாது என்பது ஊரறிந்த அவரது பெருமை.

கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றிப் பார்த்துவிடுகிறேன், தெருக்கோடி ஏற்றத்தில் கார் ஏறவில்லையென்றால் நானே லாரியில் ஏற்றித் தருகிறேன் என்று அவள் காலையில் பந்தயம் கட்டியிருந்தாள்.

"வெளிய வா பாப்பா" என்று அண்ணன் குரல் கொடுத்தார். "பொணத்துக்கு ஊசி போட்டா எந்திரிக்குமா?"

"நாடி இருக்குண்ணே. பிடிச்சுப் பார்த்துட்டேன்."

ஊற்றுகிற வழி திறக்காமல் பழைய ஆயிலை இறக்கிவிடக் கூடாது. இறக்கிவிட்டு மூடி அசையாவிட்டால் கார் உண்மையாகவே லாரிக்குத்தான். எனவே அவள் கணவனைச் சலூனுக்கு விரட்டினாள். அவன் தலைமுடி உலர்த்தும் மெஷினோடு ஓடி வந்தான். மூடியைச் சுற்றியிருந்த அலுமினியம் நன்றாகச் சூடேறும்வரை அதைக் காட்டிவிட்டு, மறுபடி குழாயைப் பிடித்து இழுத்தாள்.

டக்.

"திறந்திடுச்சு" என்றான் கணவன், ஏதோ பிரசவம் பார்த்தவன் போல.

அடுத்தது, பழைய ஆயிலை இறக்க அடியிலிருந்த போல்ட். அது முரண்டு பிடிக்காமல் சட்டென்று சுழன்று கையில் விழுந்தது. அதன் மரையைப் பார்த்ததும் அவள் கை ஒரு கணம் நின்றது. அதில் ஒட்டியிருந்ததை மெல்ல உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பாத்திரம் நிரம்பக் கொட்ட வேண்டிய ஆயில் அடியை நனைத்ததோடு நின்றுபோயிற்று. கறுப்பு. தீய்ந்த வாடை.

அவள் வெளியே வந்து, பானெட்டைத் தூக்கி, எஞ்சின் ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, விட்டு எடுத்துப் பார்த்தாள். உதட்டோரம் துடித்தது. மறுபடி அடியில் புகுந்து எஞ்சினிலிருந்தும் கொஞ்சம் ஆயிலை இறக்கினாள்.

"ஆபரேஷன் கியர்பாக்ஸுக்குத்தானே, பக்கத்து பெட் பேஷண்ட்டை ஏன் அறுக்குற?" என்றான் கணவன். பிறகு சொல்கிறேன் என்று வாயை அடைத்துவிட்டாள்.

கீழ்மூடியை இறுக்கிய பின் தன் வேலைப் பையைத் திறந்தாள். நாள்பட்டுப்போய் ஒதுக்கி வைத்திருந்த தடித்த குழாய் ஒன்று இருந்தது, வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு உணவு இறக்குவது. புது ஆயில் கேனைப் பானெட் கொக்கியில் மாட்டி, குழாயின் ஒரு முனையை அதிலும் மறுமுனையைத் துளையிலும் விட்டாள். செக்கச்செவேல் என்று ஆயில் இறங்கியது. ஸ்டூலில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர் ரத்தமா ஏத்துறாங்க என்று எட்டிப் பார்த்தார்.

பிறகு கணவனை உள்ளே உட்காரவைத்து, பிரேக்கை மிதித்தபடி எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு கியராகப் போடச் சொன்னாள். அளவு பார்க்க ஆயில் ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு வர வேண்டும். மனிதனுக்கு லேசான காய்ச்சல் கண்டால் இருக்குமே, ஏறக்குறைய அந்தச் சூடு. நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டரைக் கியர்பாக்ஸின் வயிற்றில் காட்டினாள்.

"காய்ச்சல் வந்திடுச்சு" என்றாள் திருப்தியாக. அளவுத் துளையைத் திறந்தாள். மிகுதி ஆயில் ஒழுகி, நூலாகி, சொட்டாகியது. மூடினாள்.

அண்ணன் பக்கத்து சீட்டில் அமர்ந்து, ஜன்னல் மேல் பிடியைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டார். கார் ஏற்றத்தின் அடிவாரத்தை அடைந்தது. மேலே ஒரு வீட்டில் புண்ணாறாத காலோடு ஒரு பெரியவர் இருந்தார். இத்தனை வாரமும் காரைக் கீழேயே விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க நடந்தவள் அவள். மிதித்தாள். வெட்டு இல்லை, அலறல் இல்லை. பாதி வழியில் வேண்டுமென்றே நிறுத்தினாள். மறுபடி மிதித்தாள். வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு மேலேறியது. உச்சியில் நின்று ஹாரனை நீளமாக அழுத்தினாள். கீழே கணவன் டார்ச்சைப் பகலிலேயே ஆட்டினான்.

திரும்பி வந்ததும் லாரிக்காரர் ஸ்டூலை ஒப்படைத்து, தன் லாரியையும் ஒருமுறை பார்க்க முடியுமா என்று பணிவாகக் கேட்டுவிட்டு வெறும் வண்டியோடு கிளம்பினார்.

அண்ணன் அதற்குள் கட்சி மாறியிருந்தார். என் தங்கச்சிடா என்று மாப்பிள்ளையின் முதுகில் தட்டினார். பிறகு கோபம் வந்தது. "எந்தப் படுபாவி பாப்பா இதைக் கெடுத்தவன்? பேரைச் சொல்லு. பைப் ரெஞ்சோட போறேன்."

லாரி முனை திரும்பி மறையும்வரை அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டைப் பையிலிருந்ததை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஆயில் ஊறிய வெள்ளை டேப். முற்றத்துக் குழாயில் சுற்றியிருந்த அதே டேப்.

"போன மாசம் எஞ்சின் ஆயில்னு நீங்க இறக்கினது கியர்பாக்ஸ் ஆயிலை. எஞ்சின்ல பழசு அப்படியே இருக்க, அதுமேலயே புதுசையும் ஊத்திட்டீங்க" என்றாள். அவள் அவர் கையை மெல்ல மூடினாள்.

"ஆனா ஒண்ணுண்ணே. ஒரு சொட்டு கசியல."