இரண்டு பூட்டுப் பெட்டி

மேலத்தெரு மாரியம்மன் கோயில் வரிப்பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி பொருளாளர் ஈஸ்வரபாண்டியிடம், மற்றது தலைவர் வேலுச்சாமியிடம். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் திறக்கக் கூடாது என்று ஊர் யோசித்துச் செய்த ஏற்பாடு. மூடியைப் பிடித்திருந்த பின்பக்கத்துக் கீலைப் பற்றி ஊர் யோசிக்கவில்லை. திராட்சைக்கு மருந்தடிக்கப் பணமில்லாமல் தவித்தபோது ஈஸ்வரபாண்டிதான் யோசித்தான். கீல் ஆணியைத் தட்டிக் கழற்றி, லட்சத்து இருபதாயிரத்தில் நாற்பதாயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மூடினான். திருடியதாக அவன் நினைக்கவில்லை. அம்மன் கொடுத்த கைமாற்று என்றே நினைத்தான். அவளிடம் கேட்கத்தான் மறந்துவிட்டான்.

காமயகவுண்டன்பட்டி வியாபாரி திராட்சைக் காயை நல்ல விலைக்கு எடுத்தார். திருவிழாவுக்கு எட்டு நாள் இருக்க, எல்லோரும் தோட்டத்துக்குப் போயிருந்த உச்சி வேளையில், நாற்பதாயிரத்தை மடியில் கட்டிக்கொண்டு கோயில் சாமான் அறைக்குள் நுழைந்து ஆணியைக் கழற்றினான். பெட்டி காலி. அடியில் விரித்திருந்த சிவப்புத் துணி மட்டும் கிடந்தது.

“களவாணிப் பய!” என்று வாய்விட்டே சொன்னான். மிச்சம் எண்பதாயிரத்தையும் அள்ளியவன் மேல் அப்படியோர் ஆத்திரம் வந்தது. ஊரைக் கூட்ட வாசல்வரை ஓடியவன், பெட்டி காலியென்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று நின்றான். கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோய்விடலாமா என்றும் தோன்றியது. கடைசியில் முனகிக்கொண்டே வைத்துவிட்டு வந்தான்.

சாயங்காலம் வேலுச்சாமி வீட்டுக்குப் போனான்.

“அண்ணே, பொட்டி பத்திரமா இருக்கும்ல?”

வேலுச்சாமி காபி டம்ளரைக் கீழே வைத்தார். “ஏலே, பொட்டிக்கு என்ன இப்ப? யாரும் எதுவும் சொன்னாகளா?”

“இல்லண்ணே. சும்மா கேட்டேன்.”

“சும்மா எதுக்குக் கேக்குற?”

அதற்குமேல் இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. சாவிகள் திரும்பியபோது ஈஸ்வரபாண்டி கண்ணை மூடிக்கொண்டான். பூசாரி அம்மாவாசி எச்சில் தொட்டு எண்ணினார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

“லட்சத்து இருபதாயிரத்து ஐநூறு.”

ஈஸ்வரபாண்டி வேலுச்சாமியைப் பார்த்தான். அவர் கோபுரத்தைப் பார்த்தார்.

வரியைச் சில்லறையாகவே கட்டிப் பழகிய மூக்கம்மாள் எழுந்தாள். “ஐநூறு எப்பிடிடா கூடும்? கணக்கு நோட்டு எழுதுனவன் ஒழுங்கா எழுதல. வேற ஆளப் போடுங்கப்பா!”

ஊர் ஆமாம் போட்டது.

“எம்மேலதான் தப்பு, ஆத்தா” என்றான் ஈஸ்வரபாண்டி. அந்த வாரத்தில் அவன் சொன்ன ஒரே உண்மை அது.

வேலுச்சாமி தொண்டையைக் கனைத்தார். “விடுங்கப்பா. வட்டின்னு நெனச்சுக்கிருவோம்.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது போலிருந்தது. தனியாக எடுத்துத் தட்டில் வைத்திருந்த ஐநூறு ரூபாய்த் தாள் மின்விசிறிக் காற்றில் எழும்பியது. அதை அமுக்க, பொருளாளர் கையும் தலைவர் கையும் ஒரே நேரத்தில் பாய்ந்தன.