ஜிலேபியின் கண்ணில் விபூதி

குத்துவிளக்கைத் துலக்குவது போல ஒரு நாயின் கண்ணைத் துலக்கினேன். நாய் ஒன்றும் சொல்லவில்லை. அது செத்து ஒரு வருஷம் ஆகிறது.

ஜிலேபி எங்கள் வீட்டு ஸ்பிட்ஸ். செத்ததும் என் மனைவி வடிவு அழவில்லை. வெளியூரில் யாரையோ பிடித்துப் பாடம் செய்து, கண்ணாடிக் கண் வைத்து, உட்கார்ந்த கோலத்தில் எங்கள் டெல்லி துவாரகா ஃப்ளாட்டின் சோபா ஓரத்தில் கொண்டுவந்து சேர்த்தாள். "பிஸ்கட் மிச்சம்" என்றேன். நானும் அழவில்லை. முப்பத்தாறு வருஷம் மத்திய அரசில் கோப்பு புரட்டியவனுக்கு எதுவும் சட்டென்று உறைக்காது. வடிவு மட்டும் தினமும் சாயங்காலம் அதனோடு பேசுவாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது.

சனிக்கிழமை ஒரு கண்ணில் ஆபரேஷன். சர்க்கரை ஏறியிருந்ததால் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். துணைக்கு மகள் ஸ்நேஹா. திங்களன்று கட்டுப் பிரித்து அனுப்புவதாகப் பேச்சு.

"வீட்டுக்கு வந்ததும் மொதல்ல ஜிலேபி மொகத்தத்தான் பாக்கணும். தொடச்சு வைங்க" என்றாள் வடிவு.

எங்கள் வீட்டில் வெள்ளிச் சாமான் துலக்க விபூதிதான். அதையே ஈரத்துணியில் தொட்டு, வட்ட வட்டமாகத் தேய்த்தேன். பொட்டலத்தில் மணல் கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. பழுப்புக் கண் இரண்டும் கீறல் விழுந்து, பால் படிந்த மாதிரி ஆகிவிட்டன. டாக்டர் எடுத்த புரையை நான் நாய்க்கு வைத்துவிட்டேன். வடிவு இதைப் பார்க்கக் கூடாது. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் எனக்குத் தெரிந்த ஸ்ரீதர் இருக்கிறார். மியூசியத்தில் பாடம் செய்த புலி, மான்களைப் பராமரிப்பது அவர் வேலை. ஞாயிறு காலை ஜிலேபியைப் பெட்ஷீட்டில் சுற்றி, பெரிய பையில் வைத்து மெட்ரோவுக்குப் போனேன். ஸ்கேனர் அருகே காவலர் நிறுத்தினார்.

"அங்கிள், யே க்யா ஹை?"

"குத்தா." நாய் என்று உள்ளதைச் சொன்னேன்.

"மெட்ரோ மே குத்தா அலவ்ட் நஹீ."

"மரா ஹுவா ஹை." செத்த நாய்க்கும் தடையா என்ன?

அவர் திரையில் நாய்க்குள் இருந்த கம்பிகளைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து ஜிலேபியைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். இரண்டில் எது பாடம் செய்தது என்று குழம்பியிருக்க வேண்டும். "ஜாயியே" என்று விட்டுவிட்டார்.

ஸ்ரீதர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "விபூதியா? அரே சார், பூசினா ஞானக்கண் தொறக்கும்னு நெனச்சீங்களா?"

"வேற கண் மாத்த முடியாதா?"

"புடுங்கினா இமை கிழியும். காஞ்ச தோல் சார், அப்பளம் மாதிரி. இன்னும் தேய்க்கவும் கூடாது. சுத்தம் பண்ணிட்டு கீறலை ரொப்பணும்."

பஞ்சு சுற்றிய குச்சியை நாக்கில் நனைத்து, கண்ணின் மேல் மெல்ல உருட்டினார்.

"எச்சிலா?"

"அழுக்குக்கு எச்சிலை மிஞ்சினது கெடையாது. ஆனா ஒரு குச்சி ஒரு தடவைதான், திரும்ப வாய்க்குப் போகக் கூடாது. பழைய மிருகத்துக்கெல்லாம் பூச்சி அரிக்காம இருக்க விஷம் பூசியிருப்பாங்க. இந்தாங்க, எடது கண் உங்களோடது."

குச்சியை நாக்கில் வைத்தேன். வாயில் ஈரமே இல்லை.

"அப்பளம்னு சொல்லியும் ஊறலியா?" என்றார் ஸ்ரீதர். சிரித்து வைத்தேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றேன்.

பிறகு அவர் முடி போன்ற தூரிகையால் நிறமில்லாத வார்னிஷைத் தொட்டுத் தொட்டுக் கீறல்களில் விட்டார். காயவைத்து இன்னொரு பூச்சு. மத்தியானம் இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தன. "நல்லா இருக்கு" என்றேன். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

திங்கள் பதினொரு மணிக்கு வடிவு கறுப்புக் கண்ணாடியோடு வந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேரே சோபாவுக்குப் போய், கண்ணாடியை எடுத்துவிட்டு ஜிலேபியின் எதிரே உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மூக்குல பெயின்ட்டு அடிச்சிருக்கான்" என்றாள். "காதுகிட்ட தையல் தெரியுது."

"கண்ணு?" என்றேன்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. அது என்னயப் பாக்கலியே." காதை ஒரு தரம் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். "ஒரு வருசமா நா யாருகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன்?"

"அம்மா, ப்ளீஸ், அழாதே. கண்ல தண்ணி போகக் கூடாதுன்னு டாக்டர் சொன்னா" என்றாள் டெல்லியில் பிறந்த ஸ்நேஹா.

"யாரு அழுதா? ஏங்க, இத எடுத்து உள்ள வைங்க. பரண்ல போட்டாலும் சரி."

தூக்கினேன். உயிரோடு இருந்தபோது தூக்கினால் எனக்கு மூச்சு வாங்கும். இப்போது கனமே இல்லை. உள்ளறைக்குப் போய், ஸ்டூலை இழுத்து, பரண் கதவைத் திறந்தேன். பழைய கூலரையும் இரண்டு சூட்கேஸையும் தள்ளினால் இடம் இருந்தது. ஸ்டூலில் ஏறவில்லை. அதன்மேல் உட்கார்ந்தேன்.

"என்ன செய்திய அங்க? வச்சாச்சா?" ஹாலிலிருந்து வடிவு கேட்டாள்.

"வச்சாச்சு" என்றேன். மடியில்தான் வைத்திருந்தேன்.