பசு கொடுக்காத கருமாதி

அம்மா முதலில் என் காலைத்தான் பார்த்தாள். தம்பி பெண்டாட்டி ஷர்மினி இழுத்துப்போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் நான் உட்காருவதற்குள், கட்டிலிலிருந்து குனிந்து, என் பாதம் தரையில் படுகிறதா என்று பார்த்தாள். சந்தேகம் தீராமல் இன்னொரு தடவையும் பார்த்தாள். பட்டுக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் அவள் கட்டிலின் அந்த ஓரத்துக்கு நகர்ந்துகொண்டாள்.

எனக்குக் கருமாதி செய்து இருபத்தொரு வருடம் ஆகிறது. செய்தவர் என்னைப் பெற்ற அப்பா, தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ஐயாவு. நான் கோலா சிலாங்கூர் ஆற்றுக்கு அக்கரையில், பாசிர் பெனாம்பாங்கில் இறால் வியாபாரம் செய்யும் சீன வீட்டுப் பையன் ஆ செங்கைக் கட்டிக்கொண்டு போய்விட்டேன். மற்ற வீடுகளில் இப்படி நடந்தால் பெண்ணைத் தலைமுழுகிவிட்டோம் என்று வாயால் சொல்வதோடு விட்டுவிடுவார்கள். அப்பா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. பந்தல் போட்டு, எள்ளும் தண்ணீரும் இறைத்து, பதினாலு வயது தம்பி திவாகரனுக்கு மொட்டை அடித்து, என் படத்துக்கு மாலை போட்டு முறையாக முடித்தார். தோட்டத்துக் கோயில் பண்டாரம் பத்து நாளும் சாயங்காலம் வந்து கருட புராணம் வாசித்தாராம். ஒன்றை மட்டும் அப்பா மறுத்துவிட்டார். செத்தவர்கள் எமலோகத்து வழியில் வைதரணி ஆற்றைத் தாண்ட வேண்டும். பிடித்துக்கொள்ள ஒரு பசுவின் வால் வேண்டும். அதற்காகப் பசுதானம் கொடுப்பார்கள். நிஜப் பசுவுக்கு எங்கே போவது, வெள்ளியில் செய்த சின்ன மாடு ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் போதும். ஓடிப்போனவளுக்கு மாடு ஒரு கேடா என்றாராம் அப்பா.

அன்று மத்தியானம் நான் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்திருப்பேன். நான் செத்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துச் சந்தையில் பார்த்த தோட்டத்துக்காரி ஒருத்திதான் என் கருமாதி வடை நன்றாக இருந்ததாகச் சொன்னாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அப்பா போனபோதுகூட என்னைக் கூப்பிடவில்லை. செத்தவளை எப்படிக் கூப்பிடுவது? நேற்றுத்தான் திவாகரன் போன் செய்தான். இரண்டு வருடமாகவே அம்மாவுக்கு நினைவு தப்பிக்கொண்டு வருகிறது. நான் ஓடிப்போனது அவள் மனதை விட்டே போய்விட்டது. என் கருமாதி மட்டும் போகவில்லை. அவள் கணக்கில் நான் இருபத்து மூன்று வயதில் செத்தவள். மாடு இல்லாமல் ஆற்றுக்கு இக்கரையிலேயே நிற்கிறவள். பிள்ளை அங்கே பசியோடு நிற்கும்போது தனக்கு எப்படிச் சோறு இறங்கும் என்று வாயை மூடிக்கொண்டுவிட்டாள். மூன்று நாளாக வெறும் தண்ணீர். இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டு மூக்கில் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போக்கா," என்றான் திவாகரன். "நீ உசுரோட இருக்கன்னு தெரிஞ்சா சாப்பிட்டுரும்."

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஈஜோக்கிலிருக்கும் தம்பி வீட்டுக்குக் கார் ஓட்டி வந்தேன். பொய் சொல்வானேன், கஞ்சி ஊட்ட மட்டும் வரவில்லை. நான் சாகவில்லை என்று இந்த வீட்டில் ஒருத்தராவது, ஒரு தடவையாவது சொல்ல வேண்டும் என்ற ஆசை இருபத்தொரு வருடமாக எனக்கு இருந்தது. அதை அம்மா வாயால் கேட்க வேண்டும்.

ஷர்மினி கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள். நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். "நான் சாகலம்மா. இங்க பாரு, நான்தான்."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "ஜில்லுன்னு இருக்கு," என்றாள்.

வருடக் கணக்காக ஐஸில் ஊறிய விரல்கள். வெயிலில் நின்றாலும் எனக்குக் கை சூடாகாது. அதைச் சொன்னேன். ஆ செங்கைப் பற்றிச் சொன்னேன், இறால் கடையைப் பற்றிச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு என் மேல் இரக்கப்பட்டவளாகச் சொன்னாள்: "மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்களாம். செத்தவங்களுக்கு, செத்துட்டோம்னே தெரியாதாம். பண்டாரம் படிச்சாரு."

வரும்போது வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்க்காமலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த திவாகரனும் நான் வந்ததிலிருந்து என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. என்ன பைத்தியக்காரத்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் கட்டிலடியில் கட்டைவிரலைத் தரையில் அழுத்திப் பார்த்துக்கொண்டேன்.

அம்மா விசாரிக்க ஆரம்பித்தாள். எங்கே இருக்கிறாய் என்றாள். ஆற்றுக்குப் பக்கத்தில் என்றேன். இருட்டா என்றாள். இருட்டினால் மரத்தில் மின்மினி எரியும் என்றேன். நாற்றமடிக்குமாமே என்று கேட்டாள். அடிக்கும், பழகிவிட்டது என்றேன். அங்கே பேசுவது உனக்குப் புரிகிறதா என்றாள். முதல் இரண்டு வருடம் புரியவில்லை, இப்போது நானும் பேசுகிறேன் என்றேன். ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள் என்று சொன்னபோது மட்டும் வியப்பாகப் பார்த்து, "அங்கயும் பொறக்குதா?" என்றாள். அத்தனையும் சத்தியமாக என் வாழ்க்கை. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் சொல்லச் சொல்ல அவள் கண்ணில் நான் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று செத்துக்கொண்டே போனேன்.

"ஆத்துல எறங்கித்தான் நிக்கிறியா?" என்றாள். "ஒனக்கு மாடு குடுக்கலையே ரமணி."

பாலம் இருக்கிறது அம்மா, ஆ செங் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனான் என்று சொல்லலாம். அது உண்மை. அந்த உண்மை அவளுக்குள் போகாது. கஞ்சி ஆறி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அவள் உதடு வெடித்து, ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"தாண்டிட்டேம்மா," என்றேன். "மாடு வந்துச்சு. செவல மாடு. வாலப் புடிச்சுக்கிட்டே அக்கரைக்குப் போயிட்டேன்."

"யாரு குடுத்தா?"

"நீதான் குடுத்த. அப்பாவுக்குத் தெரியாம. மறந்துட்ட."

அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். "நானா," என்றாள். அழுதாள். பிறகு, நான் கரண்டியை எடுப்பதற்கு முன்பே, வாயைத் திறந்தாள்.

கிண்ணம் முழுவதும் ஊட்டினேன். இரண்டாவது கிண்ணத்திலும் பாதி இறங்கியது. திவாகரன் எழுந்து வெளியே போய்விட்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே, அப்பா எனக்குச் செய்ததை இப்போது நானே எனக்குச் செய்து முடித்துவிட்டேன் என்ற துக்கமும் இருந்தது. அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தாள். நாலு மணிகூட ஆகவில்லை. ஆனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களின் மேல் மேகம் இறங்கி இருண்டுகொண்டு வந்தது. அவள் முகம் மாறியது.

"வெளக்கு வைக்கிறதுக்குள்ள போயிரு," என்றாள். "திரும்பிப் பாக்காம போ."

சுடுகாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்வதை எனக்குச் சொன்னாள். ஷர்மினி ஏதோ சமாதானம் சொல்ல வந்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்தேன். அம்மாவின் பயம் தீரட்டும். நாளைக்கும் அவள் சாப்பிட வேண்டுமே. ஷர்மினியிடம் சொல்லிக்கொள்ளாமல், யாரையும் பார்க்காமல் நடந்து வாசல் கேட்டைத் திறந்தேன். முதல் தூறல் கழுத்தில் விழுந்தது.

"ரமணி."

பின்னால் அம்மா. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்திருக்க வேண்டும்.

"மழ வருது பாரு. இந்தக் கொடைய எடுத்துட்டுப் போ."

பள்ளிக்கூடம் போகிற பெண்ணிடம் சொல்கிற மாதிரியே சொன்னாள். என் தோள் தானாகத் திரும்பப் போனது. உயிரோடு இருக்கிற மகள் நனைந்துவிடக்கூடாது என்றுதானே ஒருத்தி குடை நீட்டுவாள்? பாதி திரும்புவதற்குள் மற்றதும் ஞாபகம் வந்துவிட்டது. கருமாதியிலும் குடை தானம் கொடுப்பார்கள். எமலோகத்து வழியில் நிழல் கிடையாது என்று கொடுப்பார்கள்.

செருப்பு இழுபடும் சத்தம் நெருங்கி வந்து எனக்குப் பின்னால் நின்றது. அம்மா மூச்சு வாங்குவது கேட்டது. நான் செம்பனை மரங்களைப் பார்த்தபடியே நின்று, கையை மட்டும் பின்னால் நீட்டினேன். விரித்த உள்ளங்கையில் மழை விழுந்துகொண்டிருந்தது.